பார்சல் வரவில்லையா? கார்ட்டில் கட்டிய காசை மீட்க வழியுண்டு



பெருநாளுக்கு ஒரு மாதம் இருக்கிறது. கைத்தொலைபேசியில் ஓர் அபாயா விளம்பரம் கண்ணில் படுகிறது. படம் அழகு, விலையும் தோதாக இருக்கிறது. உள்ளே போய் அளவைத் தெரிவு செய்து, கார்ட் எண்ணைக் கொடுத்து, கைத்தொலைபேசிக்கு வந்த இரகசிய எண்ணையும் பதிந்து காசைக் கட்டியாயிற்று. "10 நாளில் வீடு தேடி வரும்" என்று மறுமொழியும் வந்துவிட்டது. 10 நாள் போகிறது, 20 நாளும் போகிறது. பெருநாளும் வந்து போய்விடுகிறது. பார்சலைக் காணோம். கேட்டால் "கொஞ்சம் பொறுங்கள் சிஸ்டர்" என்று ஒரு வரி. பிறகு அந்த ஒரு வரியும் வருவதில்லை.

இந்த இடத்தில் நம்மில் பலர் என்ன செய்கிறோம்? வீட்டில் சொன்னால் ஏச்சு விழும் என்று வாயை மூடிக்கொள்கிறோம். "போனது போகட்டும், நமக்கு நஸீபு இல்லை" என்று மனதைத் தேற்றிக்கொள்கிறோம். நஸீபைப் பற்றிப் பேசுமுன் வங்கிக்கு ஒரு கடிதம் எழுதிப் பார்க்கலாமே! கார்ட்டில் கட்டிய காசு, பொருள் வராத பட்சத்தில் திரும்பி வருவதற்கு ஒரு முறையான வழி இருக்கிறது. அதற்கு 'சார்ஜ்பேக்' என்று பெயர். விற்பனையாளரின் கணக்கில் போய்ச் சேர்ந்த தொகையை, அவருடைய வங்கியின் மூலமாகவே திருப்பி எடுப்பதுதான் அது.

முதலில், காசு போகும் பாதையைத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் கார்ட்டில் கட்டும்போது காசு நேரே கடைக்காரரின் கைக்குப் போவதில்லை. உங்களுக்குக் கார்ட் தந்த வங்கி ஒன்று, கடைக்காரருக்குக் கார்ட்டில் காசு வாங்கும் வசதி செய்து கொடுத்த வங்கி இன்னொன்று. இந்த இரண்டையும் இணைத்து நடுவில் நிற்பது வீசா அல்லது மாஸ்டர்கார்ட் போன்ற நிறுவனம். இரு வங்கிகளும் அந்த நிறுவனத்தின் விதிகளுக்குக் கட்டுப்பட்டவை. "பொருள் கிடைக்கவில்லை" என்று நீங்கள் முறைப்பட்டால், உங்கள் வங்கி அந்தப் பாதையிலேயே ஆட்சேபணையைத் திருப்பி அனுப்புகிறது. கடைக்காரரின் வங்கி அவரைக் கூப்பிட்டு, "அனுப்பினீரா? ஆதாரம் எங்கே?" என்று கேட்கும். ஆதாரம் இல்லாவிட்டால் காசு வந்த வழியே திரும்பும். கடைக்காரர் சீனாவில் இருந்தாலும் துருக்கியில் இருந்தாலும் சரி, அவருடைய முகவரியைத் தேடி நீங்கள் அலையத் தேவையில்லை.

இது கிரெடிட் கார்ட்டுக்கு மட்டும் உரியது என்று ஒரு பேச்சு இருக்கிறது. அப்படியல்ல. வீசா, மாஸ்டர்கார்ட் அடையாளம் உள்ள டெபிட் கார்ட்டுக்கும் இந்த விதிகள் உண்டு. வித்தியாசம் என்னவென்றால், டெபிட் கார்ட்டில் உங்கள் சேமிப்புக் காசு ஏற்கெனவே கணக்கைவிட்டுப் போயிருக்கும். கிரெடிட் கார்ட்டிலோ அது இன்னும் வங்கிக்குக் கட்டவேண்டிய கடனாக நிற்கும்.

கிரெடிட் கார்ட் வைத்திருப்பவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். முறைப்பாடு கொடுத்துவிட்டோம், இனி அந்தத் தொகையைக் கட்டத் தேவையில்லை என்று சும்மா இருந்துவிடாதீர்கள். விசாரணை முடியும்வரை அந்தத் தொகையை ஒதுக்கி வைக்கிறீர்களா, அதன்மேல் வட்டி போடுவீர்களா என்று வங்கியிடம் தெளிவாகக் கேளுங்கள். ஒதுக்கி வைப்பதில்லை என்றால், குறித்த திகதிக்குள் முழுத் தொகையையும் கட்டிவிடுவதே மேல். கேட்டது கிடைத்தால் அது பிறகு கணக்கில் வந்து சேரும். அதை விட்டுவிட்டு, வராத அபாயாவுக்காக வட்டியும் கொடுக்கிற நிலைக்கு ஆளாக வேண்டாம்.

இனி மிக முக்கியமான விஷயத்துக்கு வருவோம். அது நாள் கணக்கு.

வீசா, மாஸ்டர்கார்ட் இரண்டின் விதிகளிலும் இதற்குப் பொதுவாக 120 நாள் அவகாசம் இருக்கிறது. அந்த 120 நாளை எங்கிருந்து எண்ணுவது என்பதில்தான் பலர் குழம்புகிறார்கள். பொருள் வந்துசேரும் என்று விற்பனையாளர் சொன்ன திகதி இருக்கிறதல்லவா, அங்கிருந்து எண்ண வேண்டும். மார்ச் 1 ஆம் திகதி காசு கட்டுகிறீர்கள், மார்ச் 20 இல் வரும் என்கிறார். அப்படியானால் ஜூலை 18 வரை அவகாசம் உண்டு. விநியோகத் திகதியைத் தள்ளித் தள்ளிப் போட்டாலும், காசு கட்டிய நாளிலிருந்து 540 நாளைத் தாண்டக் கூடாது. திகதியே சொல்லாமல் விற்றிருந்தால் காசு கட்டிய நாளிலிருந்து எண்ணிக்கொள்வது பாதுகாப்பு. அப்படியான வியாபாரத்தில் மறுநாளே முறைப்பாடு கொடுக்கவும் முடியாது. வீசாவில் 15 நாளும், மாஸ்டர்கார்ட்டில் 30 நாளும் பொறுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

120 நாள் இருக்கிறதே என்று ஆறுதலாக இருந்துவிடாதீர்கள். அது வங்கிக்கும் வங்கிக்கும் இடையிலான கணக்கு. உங்கள் வங்கி படிவத்தைச் சரிபார்த்து அனுப்பவும் நாள் வேண்டும். தம் வாடிக்கையாளருக்கு இதைவிடக் குறுகிய எல்லை வைத்திருக்கும் வங்கிகளும் உண்டு. ஆகவே சொன்ன திகதி தப்பி, விற்பனையாளருக்கு எழுத்தில் ஒரு தடவை கேட்டு, ஒரு வாரமாகியும் ஒழுங்கான பதில் இல்லையென்றால் வங்கிக்குப் போய்விடுங்கள்.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் தெரியுமா? ஏமாற்றுகிற விற்பனையாளருக்கும் இந்த நாள் கணக்கு நன்றாகத் தெரியும். "கஸ்டம்ஸில் நிற்கிறது, இன்னும் 2 வாரம்", "வேறு நிறத்தில் அனுப்புகிறோம், இன்னும் 3 வாரம்" என்று இனிக்க இனிக்கப் பேசுவதெல்லாம் உங்கள் 120 நாளைத் தின்பதற்காகவும் இருக்கலாம். நல்ல வியாபாரி தாமதமானால் காரணம் சொல்வார், திருப்பித் தரச் சொன்னால் தருவார். மூன்றாவது தடவையும் தவணை கேட்பவருக்கு மரியாதையாக ஒரு "சரி" சொல்லிவிட்டு, நீங்கள் வங்கிக்கு எழுதுங்கள். இரண்டும் ஒரே நாளில் நடக்கலாம், தப்பில்லை.

வங்கிக்குப் போகும்போது கையில் என்ன வேண்டும்? ஓடர் செய்ததற்கு வந்த மின்னஞ்சல் அல்லது குறுஞ்செய்தி, காசு போனதைக் காட்டும் கணக்குக் கூற்று, பொருள் எப்போது வரும் என்று விற்பனையாளர் சொன்ன இடம், நீங்கள் கேட்டதும் அவர் சொன்ன பதில்களும். வட்ஸ்அப் உரையாடல் என்றால் திகதியும் எண்ணும் தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். இணையக் கடையின் பக்கத்தையும் அப்படியே படம் பிடித்து வையுங்கள். கள்ளக் கடைகள் ஒரு நாள் இருந்து மறுநாள் காணாமற் போகும். குரல் செய்தியாகவே பேசியிருந்தால் அதில் சொன்னதைத் திகதியோடு எழுத்தில் வையுங்கள். விற்பனையாளர் வெளிநாட்டவராக இருந்து உரையாடல் தமிழிலோ சிங்களத்திலோ இருந்தால், பக்கத்தில் ஆங்கிலத்தில் சுருக்கம் எழுதிக் கொடுப்பது வேலையைச் சுலபமாக்கும். படித்த மகளிடம் கொடுத்தால் 10 நிமிடத்தில் எழுதித் தருவாள்.

கடிதம் நீளமாக இருக்கத் தேவையில்லை. கிட்டத்தட்ட இப்படி எழுதலாம்:

"கார்ட் பிரிவு முகாமையாளர் அவர்களுக்கு. கடைசி 4 இலக்கங்கள் இன்னவையாக உள்ள எனது கார்ட்டினால் இன்ன திகதியில், இன்ன இணையக் கடைக்கு, இவ்வளவு தொகை செலுத்தினேன். இந்தக் கொடுப்பனவை நானே செய்தேன். பொருள் இன்ன திகதிக்குள் தரப்படும் என்று விற்பனையாளர் உறுதியளித்தார். இன்றுவரை கிடைக்கவில்லை. இன்ன இன்ன திகதிகளில் விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டும் பொருளோ பணமோ தரப்படவில்லை. ஆதாரங்களை இணைத்துள்ளேன். பொருள் கிடைக்காமை என்ற காரணத்தின் கீழ் சார்ஜ்பேக் செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன். இம்முறைப்பாட்டின் இலக்கத்தை எழுத்தில் அறியத் தாருங்கள்."

முழுக் கார்ட் எண்ணையும் கடிதத்தில் எழுதாதீர்கள். பின்புறத்திலுள்ள 3 இலக்கத்தையோ இரகசிய எண்ணையோ எவருக்கும், வங்கி ஊழியருக்குக்கூட, சொல்லாதீர்கள்.

"இந்தக் கொடுப்பனவை நானே செய்தேன்" என்ற வரியைப் பார்த்து, ஏன் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைப்பீர்கள். காரணம் இருக்கிறது. சிலர் அக்கம்பக்கத்தாரின் யோசனையைக் கேட்டு, "நான் கட்டவேயில்லை, யாரோ என் கார்ட்டைப் பாவித்துவிட்டார்கள்" என்று எழுதுகிறார்கள். இது பொய் என்பது ஒருபுறமிருக்க, காரியத்தையும் கெடுக்கும். உங்கள் தொலைபேசிக்கு வந்த எண்ணைப் பதிந்துதான் காசு போயிருக்கிறது என்று வங்கியின் பதிவே காட்டிவிடும். கார்ட்டும் முடக்கப்படும், முறைப்பாடும் தள்ளுபடியாகும். உண்மையைச் சொன்னாலே உங்கள் பக்கம் பலமாக இருக்கும்போது பொய் எதற்கு?

மறுபக்கமும் ஒரு தவறான பேச்சு உண்டு. "நீங்கள்தானே இரகசிய எண்ணைப் போட்டீர்கள், இனி ஒன்றும் செய்ய முடியாது" என்று வங்கிக் கருமபீடத்திலேயே சிலர் சொல்லிவிடக் கூடும். இரகசிய எண் போட்டது, கட்டியது நீங்கள்தான் என்பதற்குச் சாட்சி. பொருள் வந்தது என்பதற்கு அது சாட்சியல்ல. "நான் கட்டவில்லை" என்ற வழக்கைத்தான் அது அடைக்கும், "பொருள் வரவில்லை" என்ற வழக்கை அடைக்காது. இதை அமைதியாக எடுத்துச் சொல்லுங்கள். அப்படியும் முடியாது என்றால், முடியாது என்பதை எழுத்தில் தரும்படி கேளுங்கள். எழுத்தில் தா என்றதும் பேச்சு மாறுவது எல்லாக் கந்தோரிலும் உள்ளதுதான். கிளைக்கு அலைவதைவிட வங்கியின் கார்ட் பிரிவுக்கு நேரே அறிவிப்பது விரைவானது.

முறைப்பாடு போன பிறகு என்ன நடக்கும்? சில வங்கிகள் தொகையைத் தற்காலிகமாக உங்கள் கணக்கில் போடும். அதைக் கண்டு காசு வந்துவிட்டது என்று செலவழித்துவிடாதீர்கள். விற்பனையாளர் ஆதாரம் காட்டினால் அது மீண்டும் எடுக்கப்படும். பதில் தருவதற்கு வீசாவில் 30 நாளும், மாஸ்டர்கார்ட்டில் 45 நாளும் விற்பனையாளரின் பக்கத்துக்கு உண்டு. பதில் வந்தால் உங்கள் வங்கி அதை உங்களுக்குக் காட்டி, என்ன சொல்கிறீர்கள் என்று கேட்கும். வங்கியின் அந்தக் கடிதத்தை மேசையில் போட்டுவிட்டு மறந்துவிட்டால் அங்கேயே தோல்விதான். ஆகவே அந்தச் சில மாதங்களுக்கு மின்னஞ்சலை ஒழுங்காகப் பாருங்கள். வெளிநாட்டு நாணயத்தில் கட்டியிருந்தால், திரும்பி வரும் ரூபாய் அன்று போன ரூபாய்க்குச் சரியாக இருக்காது. 2022 இல் டொலர் விலை எப்படி ஏறியது என்பதை நாம் மறக்கவில்லையே.

விற்பனையாளர் காட்டும் ஆதாரம் பெரும்பாலும் "ஒப்படைக்கப்பட்டது" என்ற கூரியர் பதிவாகத்தான் இருக்கும். அதை நன்றாகப் பாருங்கள். எந்த விலாசத்தில், யாருடைய கையொப்பத்தில்? ஒரு தந்திரம் இருக்கிறது. அதே ஊரில் வேறு யாருக்கோ ஒரு சின்னப் பொதியை அனுப்பி, அந்த இலக்கத்தை உங்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். கூரியர் அலுவலகத்தில் அந்த இலக்கத்தைக் காட்டி, ஒப்படைத்த விலாசம் உங்களுடையதல்ல என்று எழுதி வாங்கினால் அந்த ஆதாரம் உடைந்துவிடும். இன்னொரு தந்திரம், கேட்ட பொருளுக்குப் பதிலாக ஒரு பிளாஸ்டிக் மோதிரத்தையோ கைக்குட்டையையோ உங்கள் பெயருக்கே அனுப்புவது. பார்சல் வந்தது உண்மையாகிவிடுகிறதல்லவா? அப்படி நடந்தால் "கிடைக்கவில்லை" என்று எழுதாதீர்கள். "கேட்டது வேறு, வந்தது வேறு" என்று எழுதுங்கள். அதற்குத் தனியாக விதி இருக்கிறது. ஆகவே வெளியூரிலிருந்து வரும் எந்தப் பொதியையும் திறக்கும்போது ஒருவரை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். மேலுறையையும் எறியாதீர்கள்.

பார்சல் நம் நாட்டுச் சுங்கத்தில் தீர்வைக்காக நின்றால் அது வேறு கதை. தீர்வை கட்டாததால் நிற்கும் பொருளுக்கு "கிடைக்கவில்லை" என்று முறைப்பட்டால் நிற்காது. விற்பனையாளர் கொடுத்த இலக்கத்தை வைத்து முதலில் தபாலகத்திலோ கூரியரிடமோ விசாரித்துக்கொள்ளுங்கள்.

பெரிய இணையச் சந்தைகளில் வாங்கியிருந்தால் அவற்றின் சொந்தப் பாதுகாப்பை முதலில் பாவியுங்கள். வங்கியைவிட அது விரைவு. ஈபேயில், வரவேண்டிய கடைசித் திகதியிலிருந்து 30 நாளுக்குள் அறிவிக்க வேண்டும். பேபால் மூலம் கட்டியிருந்தால் 180 நாள் அவகாசம் உண்டு. ஆனால் அங்கே பிணக்கைத் திறந்து 20 நாளுக்குள் அதை உரிமைக் கோரிக்கையாக உயர்த்தாவிட்டால் தானாக மூடிவிடும். பார்சல் கைக்கு வருமுன் "பெற்றுக்கொண்டேன்" என்ற பொத்தானை மட்டும் அழுத்திவிடாதீர்கள். விற்பனையாளர் எவ்வளவு கெஞ்சினாலும் சரி. ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் கேட்கவும் வேண்டாம். சந்தை திருப்பித் தந்த பிறகு வங்கியும் திருப்பித் தந்தால், அந்த இரண்டாவது தொகை நமக்குரியதல்ல.

இங்கே பல குடும்பங்களுக்கு வரும் ஒரு சிக்கல். கணவரோ மகனோ கட்டாரிலோ சவூதியிலோ இருக்கிறார், அவருடைய கார்ட் எண்ணைப் போட்டு இங்கே நாம் வாங்குகிறோம். முறைப்பாடு கொடுக்க வேண்டியவர் கார்ட்டின் சொந்தக்காரர். கொடுக்க வேண்டிய இடம் அவருக்குக் கார்ட் தந்த அங்குள்ள வங்கி. நீங்கள் இங்கே எந்த வங்கிக்குப் போனாலும் பலனில்லை. ஆகவே ஏச்சுக்குப் பயந்து அவரிடம் மறைத்தால் நாள்தான் போகும். ஆதாரங்களைச் சேர்த்து உடனே அவருக்கு அனுப்புங்கள். இலண்டனில் இருப்பவர்களின் கிரெடிட் கார்ட் என்றால் இன்னும் பலம் உண்டு. 100 பவுணுக்கு மேல், 30,000 பவுண் வரை விலையுள்ள பொருளுக்கு, அவர்களுடைய 1974 ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75 ஆம் பிரிவு கார்ட் தந்த நிறுவனத்தையும் பொறுப்பாக்குகிறது. ஆனால் வாங்கியவரும் கார்ட் சொந்தக்காரரும் ஒருவராக இருக்க வேண்டியிருப்பதால், பிள்ளை தன் பெயரிலேயே வாங்கித் தருவது நல்லது.

பொருளுக்கு மட்டுமல்ல, கட்டியும் கிடைக்காத சேவைக்கும் இந்த வழி உண்டு. 2019 செப்டம்பரில் பிரித்தானியாவின் தோமஸ் குக் பயண நிறுவனம் திடீரென்று மூடப்பட்டபோது, கார்ட்டில் கட்டியிருந்த பயணிகள் தம் வங்கிகளிடம் கேட்க முடிந்தது. கடையே மூடிவிட்டது, இனி யாரிடம் கேட்பது என்று நாம் கைவிட்டுவிடும் இடத்தில்தான் இது அதிகம் உதவுகிறது. விமானச் சீட்டுக்கும் பயணப் பொதிக்கும் பெருந்தொகை கட்டுவோர் இதை நினைவில் வையுங்கள்.

கசப்பான ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். இவ்வளவும் கார்ட்டில் கட்டிய காசுக்கு. "எங்கள் கணக்குக்குப் போட்டுவிட்டு ஸ்லிப்பை அனுப்புங்கள்" என்று சொல்லி, வங்கிக் கணக்குக்கு மாற்றிய காசுக்குச் சார்ஜ்பேக் கிடையாது. கைத்தொலைபேசிப் பணப்பையில் தனியாளுக்கு அனுப்பிய காசும் அப்படித்தான். உடனே வங்கிக்கு அறிவித்தால், பெற்றவரின் வங்கியிடம் கேட்டுப் பார்ப்பார்கள். அவர் சம்மதம் இல்லாமல் எடுப்பது கடினம். அங்கே மிஞ்சுவது பொலிஸ் முறைப்பாடுதான். ஆகவே பழக்கமில்லாத பக்கம் ஒன்று கார்ட் வேண்டாம், கணக்குக்குப் போடுங்கள் என்றால், காசு கைக்கு வந்ததும் கொடுக்கும் முறையில் தருவீர்களா என்று கேளுங்கள். அதற்கும் மறுத்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

காசு போன பிறகு இன்னொரு கூட்டம் வரும். "உங்கள் பணத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும், கார்ட் எண்ணும் இப்போது வரும் இரகசிய எண்ணும் சொல்லுங்கள்" என்பார்கள். திருப்பி அனுப்ப எந்த இரகசிய எண்ணும் தேவையில்லை. "முறைப்பாட்டை வாபஸ் வாங்குங்கள், பிறகு காசு தருகிறோம்" என்று விற்பனையாளரே கேட்பதும் உண்டு. காசு கணக்கில் விழுந்ததைக் கண்ணால் கண்ட பிறகு வாபஸ் வாங்கலாம். வாபஸ் வாங்கிய வழக்கை மீண்டும் திறப்பது இலேசல்ல.

வீட்டிலிருந்தே அபாயாவும் கேக்கும் விற்கும் சகோதரிகளும் இதை வாசிப்பீர்கள். உங்கள்மேலும் இப்படி ஓர் ஆட்சேபணை வரலாம். பொருளைப் பெற்றுக்கொண்டே "வரவில்லை" என்பவர்களும் இருக்கிறார்கள். அது அடுத்தவர் உழைப்பைத் திருடுவது என்பதில் இரண்டு பேச்சில்லை. கூரியர் பற்றுச்சீட்டு, பெற்றவரின் கையொப்பம், கொடுத்த விலாசம், பேசிய செய்திகள் ஆகியவற்றை 18 மாதமாவது வைத்திருங்கள். வங்கி கேட்டால் குறித்த நாளுக்குள் பதில் கொடுங்கள். பதில் கொடுக்காதவர் நியாயம் தம் பக்கம் இருந்தாலும் தோற்பார். தாமதமாகும் என்றால் வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே எழுதுங்கள், காசைத் திருப்பித் தரவும் தயாராக இருங்கள்.

கடைசியாக, உங்கள் வங்கி முறைப்பாட்டைக் கவனிக்கவில்லை என்றால் எங்கே போவது? முதலில் அதே வங்கியின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுத்தில் கொடுங்கள். அங்கும் தீராவிட்டால் இலங்கை மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம் இருக்கிறது. 1935 என்ற இலக்கத்துக்குப் பேசி விவரம் கேட்கலாம். நிதிசார் ஒம்புட்ஸ்மனுக்கும் எழுதலாம். இரண்டு இடத்திலும் முதலில் கேட்பது, வங்கிக்கு எப்போது எழுதினீர்கள், வங்கி என்ன பதில் தந்தது என்பதைத்தான். முறைப்பாட்டு இலக்கத்தை எழுத்தில் வாங்கச் சொன்னது அதற்காகவே. விற்பனையாளர் உள்ளூர்க்காரர் என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கும் முறைப்படலாம், இலக்கம் 1977. அங்கே வாங்கிய நாளிலிருந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். பற்றுச்சீட்டின் பிரதியையும் சேர்த்து அனுப்புங்கள். மூலத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.